ரீட்டா சொன்ன பிற்பாதி

நாட்டில் சண்டை முடிந்து இரண்டு வருடத்தில் என் தம்பியின் மனைவி ரீட்டா, எங்கள் மாம்புரிக் கத்தோலிக்கக் கோவிலை விட்டுப் பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்டாள். அதுவரை வீட்டில் செபமாலை சொல்லும்போது, 'அருள் நிறைந்த மரியே' என்று முற்பாதியை நான் சொல்ல, பிற்பாதியை அவள் சொல்லுவாள். பிறகு தலவிலக் கோவில் திருநாளுக்கும் அவள் வரவில்லை.

சபையில் மாதாவிடம் வேண்டுவதில்லை; மனப்பாடச் செபமும் கிடையாது. கையை உயர்த்தி, சொந்த வார்த்தையில் அழுது கேட்பாள். யாருக்காவது சுகமில்லையென்றால் ஊரே அவளைத்தான் கூப்பிட்டது. "ரீட்டாட ஜெபம் மாதிரி வராது" என்று என் முகத்துக்கு நேரேயே சொன்னார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருடமும் நான் சொன்ன செபமெல்லாம் என்ன?

ஒருநாள் வெயில் ஏறியும் தம்பியின் படகு கரைக்கு வரவில்லை. கடற்கரையில் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு, "ஜெபம் பண்ணுங்கோ ரீட்டா" என்றார்கள். அவள் கையை உயர்த்தினாள். ஒரு சொல்லும் வரவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அதை எழுத இன்றும் கூசுகிறது.

"மச்சாள், எனக்கு ஒண்டும் வருதில்லை" என்று என் பக்கம் திரும்பினாள்.

நான் முற்பாதியைச் சொல்லிவிட்டு வேண்டுமென்றே நிறுத்தினேன். அவள் உயர்த்திய கையை மெல்ல இறக்கினாள். பிறகு அவள் பிற்பாதியைச் சொன்னாள், ஒரு சொல் பிசகாமல்.

மத்தியானம் படகு வந்தது. எஞ்சின் பழுதாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரீட்டா பழையபடி சபைக்கே போனாள்.

அன்று நான் தம்பிக்காகச் செபித்தேன் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அவன் கடலில் கிடந்த அந்த நேரத்தில், அவள் பதில் சொல்லுவாளா என்றுதான் நான் காத்துக்கொண்டிருந்தேன்.