மழை பெய்யாத நாளின் பாட்டு

மெட்டுவின் மனைவி வீட்டை விட்டுப் போனது ஒரு வியாழக்கிழமை, மண்டையைப் பிளக்கும் வெயிலில். விளம்பரப் பாட்டு போட்டே அந்தப் பட்டப்பெயரை வாங்கிய அவன், அப்போது பின்னறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு மெத்தைக் கடையை உருக உருகப் புகழ்ந்துகொண்டிருந்தான். அவள் பெட்டியோடு வாசலில் நின்று கூப்பிட்டாள். திரும்பாமலே கையை உயர்த்தி, பொறு என்றான். பொறுத்தது போதும் என்று போய்விட்டாள்.

சண்டை குளியலறைக் குழாயைப் பற்றி. அது ஒழுகி ஒழுகி அவள் தூக்கத்தைக் கெடுத்தது. வாஷர் மாற்றச் சொல்லி அவளுக்கு வாய்தான் வலித்தது. அவன் ஒரே பதிலை வைத்திருந்தான்: "என்ன சத்தம்? எனக்கு ஒண்ணும் கேக்கலையே." ஊரெல்லாம் அவனுக்கு அபாரமான காது என்று பேச்சு.

நேரில் போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கௌரவம் குறுக்கே நின்றது. பாட்டுப் போட்டே அவளைத் திரும்ப வரவழைப்பதென்று முடிவு செய்தான்.

மெத்தைக்காரர் வேண்டாமென்று தள்ளிய மெட்டு ஒன்று சும்மா கிடந்தது. வேகத்தைக் குறைத்ததும் அதற்குச் சோகம் வந்துவிட்டது. கொட்டும் மழையில் அவள் போகிறாள், அவன் பின்னாலேயே ஓடுகிறான் என்று வரிகள் எழுதினான். ஓடினானாம்! நாற்காலியை விட்டே எழாதவன்.

இனி மழைச் சத்தம்தான் பாக்கி. மைக்கைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போய், ஒழுகும் குழாயடியில் எவர்சில்வர் வாளியைக் கவிழ்த்தான். மாடியிலிருந்து இறங்கி வந்த அக்கா எட்டிப் பார்த்தாள்.

"என்னடா, குழாய்கிட்ட பேட்டி எடுக்கிறியா?"

"சும்மா இரு அக்கா. இது மழை. அவ கேட்டா அழுதுடுவா."

"வாஷரை மாத்துடா. அவளே வந்துடுவா."

"உனக்குக் கலையைப் பத்தி என்ன தெரியும்?"

"எனக்கு அவளைத் தெரியும்."

பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. எந்த ஊர்ப் பேருந்தில் ஏறினாலும் அந்த மழைதான். உருப்படாத காதலர்கள் எல்லாம் அதைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் சாய்ந்தார்கள். "அனுபவிச்சு எழுதியிருக்கீங்க சார்" என்று ஒரு பேட்டிக்காரி விசும்பினாள். "அந்த மழையிலதாம்மா இன்னும் நின்னுக்கிட்டிருக்கேன்" என்று அவனும் கண்ணைத் துடைத்தான். சொல்லிச் சொல்லி அவனுக்கே அது உண்மையாகிவிட்டது. அக்கா அனுப்பி வைத்த பிளம்பரைக்கூட, "என் வாழ்க்கையை மாத்தின குழாய்ப்பா இது, தொடாதே" என்று விரட்டிவிட்டான். போனை மட்டும் குளிக்கும்போதும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டான். அவள் கேட்டிருப்பாள். கூப்பிடுவாள்.

அவள் கூப்பிடவில்லை. ஊர் வேறொரு பாட்டுக்கு அழப் போய்விட்டது. மெட்டு மறுபடி மெத்தை விளம்பரத்துக்குத் திரும்பிய பிறகு, ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் போன் மினுங்கியது. எச்சில் கையோடு எடுத்தான். அவள்தான், குறுஞ்செய்தி.

"பாட்டு கேட்டேன். அன்னைக்கு மழையும் இல்ல, நீ ஓடியும் வரல. அதை விடு. ஆரம்பத்துல சொட்டுதே, அது நம்ம குளியலறைக் குழாய்தானே? அப்போ உனக்குக் கேட்டுக்கிட்டுதான் இருந்திருக்கு."