வாசலில் கிடக்கும் நீலச் செருப்பு

மலேசியாவின் கிள்ளானில் நான் தங்கியிருக்கும் கடைவீட்டு மாடியில், யார் அறையில் இருக்கிறார்கள் என்று அறியக் கதவைத் தட்ட வேண்டியதில்லை. வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்தால் போதும். பக்கத்து அறை முருகேசனின் நீலச் செருப்பு புதன்கிழமையிலிருந்து அப்படியே கிடக்கிறது. அறையில் முருகேசன் இல்லை.

புதுக்கோட்டைக்காரர். இருவருக்கும் பக்கத்து ஊரான காப்பாரில் ஒரே கிடங்கில் வேலை. ஞாயிறு மதியங்களில் அவர் கைப்பேசியில் பழைய கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படவரிசை ஒன்றைப் பார்ப்போம். இங்கிலீஷ் வசனம் பாதி புரியாது. கொலைகாரன் யாரென்று நான் ஒருமுறைகூடச் சரியாகச் சொன்னதில்லை. அதில் அவருக்கு அப்படியொரு குஷி. அந்தப் படங்கள் ஏன் அவ்வளவு பிடித்தன என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. செத்தவன் வெறும் வண்டிக்காரனாக இருந்தாலும், தொப்பிபோட்ட அந்தத் துப்பறிவாளர் வந்து கேட்பார். பதில் கிடைக்கும்வரை ஒருவரையும் வெளியே விடமாட்டார்.

செவ்வாய்க்கிழமை முருகேசன் முதலாளியிடம் தன் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டார். மறுநாள் உடம்பு முடியவில்லை என்று அறையிலேயே இருந்தார். நான் வேலை முடிந்து வந்தபோது கதவு திறந்து கிடந்தது. சார்ஜர் சுவரில் செருகியபடி இருந்தது. அவரிடம் வேறு செருப்பு கிடையாது, பூட்ஸ் கிடங்கில்தான் இருக்கும். வெறுங்காலோடு யார் ஊரைவிட்டு ஓடுவார்கள்?

நேற்று எங்கள் சூப்பர்வைசர் வந்தார். இங்கேயே பிறந்த தமிழர்.

"அவன் ஓடிட்டான் லா. வேற எடத்துல வேலை செய்றான்."

"செருப்பு இங்கதாண்ணே கெடக்கு," என்றேன்.

குனிந்து பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. நீ போட்டுக்க." படியிறங்கும்போது திரும்பி, "ஒன் பெர்மிட் அடுத்த மாசம் முடியுதுல்ல?" என்றார்.

போலீசுக்குப் போக வேண்டியதுதானே என்று ஊரிலிருக்கும் நீங்கள் கேட்பீர்கள். இன்று காலை நிலையத்து வாசல்வரை போனேன். உள்ளே முதலில் என் பாஸ்போர்ட்டைத்தான் கேட்பார்கள். அதுவும் முதலாளியின் அலமாரியில்தான் இருக்கிறது. திரும்பி வந்துவிட்டேன். முருகேசனின் மனைவி இரண்டு முறை அழைத்துவிட்டார். எடுக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஊரில் என் மனைவி என் பழைய செருப்பை வாசலில் போட்டு வைத்திருக்கிறாள், வீட்டில் ஆம்பிளை இருப்பதாகத் தெருவில் போகிறவர்கள் நினைக்கட்டும் என்று. இங்கே நான் என் செருப்பைக் கழற்றி, வாசலில் விடாமல் கையில் எடுத்துப்போய், கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுக் கதவைத் தாழிட்டேன்.