உந்தக் காணி

கனகாம்பிகையின் வாழ்க்கையை அடிக்கற்களை வைத்துத்தான் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்து நீர்வேலியில் அவருடைய வாழைத் தோட்டத்துக்கு எதிரே, ஒழுங்கைக்கு அந்தப் பக்கம், அரசாங்கத்தின் தரிசுக் காணி ஒன்று கிடக்கிறது. அதில் மூன்று அடிக்கற்கள். முதலாவதை நட்டபோது அவருக்குக் கலியாணமாகி இரண்டு மாதம். இரண்டாவதை நட்டபோது மகள் உதயகலா முதலாம் வகுப்பு. மூன்றாவதை நட்ட அமைச்சர் அந்தப் பிள்ளையின் கன்னத்தைத் தட்டி, "உனக்கு இங்கேயே வேலை" என்றார். உதயகலா இப்போது ருமேனியாவில் ஒரு தொழிற்சாலையில் உடுப்புத் தைக்கிறாள். அங்கே அடிக்கல் நட்ட பிறகு கட்டிடமும் கட்டுவார்களாம்.

ஒவ்வொரு தடவையும் அமைச்சரை வரவேற்கிற வளைவுக்குக் குலையோடு இரண்டு வாழை கனகாம்பிகையின் தோட்டத்திலிருந்துதான் போனது. ஏனென்று கேட்டால் நாட்டுக்காக என்றார்கள். அந்த நாடு ஒரு வருடம் கடனைக் கட்ட வழியில்லாமல் வங்குரோத்தாகிப் போனது. முதலில் உரம் இல்லை, பிறகு தண்ணீர் இறைக்க மண்ணெண்ணெய் இல்லை. கனகாம்பிகை மண்ணெண்ணெய்க் கானைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற நாட்களில் பாதித் தோட்டம் காய்ந்து விழுந்தது. கொழும்பில் ஆட்சி கவிண்டு போச்சு என்று பக்கத்து வீட்டுக் கந்தப்பு சந்தோஷமாக வந்து சொன்னார்.

"கவிண்டது சரி அண்ணை, இனி ஆர் நிமித்துறது?" என்று கேட்டுவிட்டுக் கனகாம்பிகை தன் ஆட்டை மூன்றாவது அடிக்கல்லில் கட்டினார். அரசாங்கத்திடமிருந்து அவர் கண்ட ஒரே பயன் அதுதான்.

இந்த வருடம் புதிய ஆட்சி, புதிய அமைச்சர், அதே தரிசுக் காணியில் பந்தல். நாட்டைத் தூக்கி நிறுத்தக் கைத்தொழிற்பேட்டை வரப்போகிறது, எந்தக் காணியை எடுக்கலாம் என்று மக்களே சொல்லட்டும் என்றார்கள். கனகாம்பிகை தன் வேலியடியில் நின்றபடி ஒழுங்கைக்கு இந்தப் பக்கமிருந்து சத்தம் வைத்தார்: "உந்தக் காணியை எடுங்கோ ஐயா!"

யாழ்ப்பாணத்துக் குழந்தைக்கும் அது விளங்கும். உந்தக் காணி என்றால், சொல்வதைக் காதில் கேட்கிறவர் நிற்கிற காணி. ஆனால் மேடையில் குறிப்பெழுதிய அதிகாரி சிவசுப்பிரமணியம் கொழும்பில் பிறந்து வளர்ந்த தமிழர். அந்தச் சொல் அவருக்குப் புதிது. 'இந்த' இல்லை, ஆகவே 'அந்த'வாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினார். மேடையிலிருந்து பார்த்தால் அந்தக் காணி என்பது கனகாம்பிகையின் வாழைத் தோட்டம். ஊர்ச் சனமெல்லாம் தேநீருக்கு முண்டியடித்துக்கொண்டிருந்ததால் திருத்த ஒருவரும் இல்லை.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. 'தேசத்தின் மறுமலர்ச்சிக்காகத் தாங்கள் மனமுவந்து அளித்த காணி' என்று அதில் இருந்தது. கனகாம்பிகை அழுதுகொண்டே சிவசுப்பிரமணியத்தின் கந்தோருக்கு ஓடினார்.

"நீங்கள்தானே அம்மா அந்தக் காணி என்று சொன்னீர்கள்?"

"நான் அந்த எண்டு சொல்லேல்லை ஐயா, உந்த எண்டெல்லோ சொன்னனான்!"

"எழுத்தில் 'அந்த' என்று இருக்கிறது. மாற்றுவதானால் மேலிடம் ஒப்புதல் தர வேண்டும்" என்று சிவசுப்பிரமணியம் கோப்பை மூடினார். தவறை ஒப்புக்கொள்வதைவிடத் தோட்டத்தை அழிப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது.

அடுத்த கிழமை நில அளவையாளர் ஏக்கநாயக்க முளைக்கட்டைகளோடு தோட்டத்துக்குள் இறங்கினார். குருநாகல்காரர், சிங்களவர், தமிழ் கொஞ்சம் தெரியும். சிவசுப்பிரமணியம் எதிர்க் காணியில், ஜீப்பின் நிழலில் நின்றார். முதல் கட்டையை அடிக்கப் போன இடத்தில் கனகாம்பிகை குறுக்கே போய் நின்று, ஜீப்பைப் பார்த்துக் கத்தினார்: "உந்தக் காணி ஐயா! உந்தக் காணி!"

ஏக்கநாயக்க சுத்தியலைக் கீழே வைத்தார். "உந்த... ஒய இடம?" என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். சிங்களத்தில் 'இடம' என்றால் காணி; 'ஒய' என்றாலும், 'உந்த' போலவே, கேட்கிறவருக்குப் பக்கத்தில் இருப்பதுதான். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சேர், அம்மா சொல்றது நீங்க நிக்கிற காணி!"

மொழிக்காக எழுபது வருடத்துக்கு மேலாக மண்டையை உடைத்துக்கொண்ட நாடு இது. இரண்டு மொழியிலும் இப்படி ஒரே குணத்தோடு ஒரு சொல் இருப்பதை எந்த வட்டமேசை மாநாடும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு தமிழருக்கு யாழ்ப்பாணத் தமிழை ஒரு சிங்களவர் பெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஏக்கநாயக்க தன் அறிக்கையில் அதையே எழுதி ஒப்பமிட்டார். மேலிடமும் ஒப்புதல் தந்தது. தோட்டம் தப்பியது.

பிறகொரு நாள் சிவசுப்பிரமணியம் கனகாம்பிகையின் வாசல் படலையடியில் வந்து நின்றார். முகத்தில் அசடு வழிந்தது.

"அம்மா, எதிர்க் காணியில் வெள்ளிக்கிழமை அடிக்கல் நடுகிறோம். குலையோடு இரண்டு வாழை..."

கனகாம்பிகை சிரித்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவர் மாட்டேன் என்று சொல்லப் போகிறார்.

"புதுக் கல்லு ஏன் ஐயா? அங்கை கிடக்கிற மூண்டிலை ஒண்டைக் கழுவி வையுங்கோ. ஆடு கட்டியிருக்கிறதை மட்டும் விடுங்கோ. கட்டிடத்துக்குக் கூரை போட்டிட்டு வாங்கோ, ரெண்டென்ன, பத்து வாழை குலையோடை தாறன்."