கழுவிக் கொண்டுவந்த கார்

காரின் நாலு சில்லும் நேராக ஓடுகின்றனவா, ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு ஓடுகின்றனவா என்று பார்த்துச் சொல்வது என் தொழில். பார்ப்பது சுலபம், சொல்வதில்தான் மானம் போகும். திருகோணமலை உள்துறைமுகப் பக்கம் ஒரு கராஜில் அலைன்மென்ட் மெசினோடு நிற்கிறேன். நோய் என்னவென்று விளங்காமலே மருந்து எழுதிக் கொடுத்த டொக்டர்மாரே, சட்டை பொருந்தாதது உங்கள் உடம்பின் பிழை என்று சொல்லி அனுப்பிய தையல்காரரே, நீங்கள் எல்லோரும் என் ஆட்கள். கொஞ்சம் கிட்ட வாருங்கள். சத்தமாகச் சொல்லக்கூடிய கதை இல்லை.

பின்னுக்கு என்ன வேலை?

துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு ஐயா தன் காரைக் கொண்டுவந்தார். முன் சில்லுகளை மட்டும் பார்த்தால் போதும் என்றார். நான் நேரே பின்பக்கம் போய்க் குந்தி, டயரின் உள்விளிம்பில் கையை விட்டுத் தடவினேன். வெளியில் நின்று பார்க்கிறவர்களுக்கு அது புது டயர். உள்பக்கம் ரப்பர் தேய்ந்து கம்பி தெரிந்தது. முன் சில்லில் கோளாறு என்றால் ஸ்டியரிங் இழுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். பின் டயர் வெடிக்கும்வரை வாய் திறக்காது.

தடவிய விரலில் கம்பி குத்தி இரத்தம் வந்தது. அதைக் காட்டியும் ஐயா அசையவில்லை. எனக்கும் அதைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. பின் டயரை முதலில் தடவிப் பார்க்கிற ஆள் இந்த ஊரிலேயே நான் ஒருவன்தான் என்று அந்த நாளில் எனக்கு ஒரு பெரிய எண்ணம். ஐயா கதிரையில் காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டு சொன்னார்: "பின் சில்லு பாவம், முன் சில்லு போற இடத்துக்குப் பின்னால வருது. அதை ஏன் தம்பி கரைச்சல் படுத்திறீர்?"

எல்லாம் பச்சை

செல்வராணி அக்கா சல்லி என்ற கரையோர ஊரில் இருந்து வருகிறவர். கணவர் கடலுக்குப் போகிறார். அக்கா மீனை ஐஸ் பெட்டிகளில் அடுக்கி, ஒரு பழைய காரில் ஏற்றி, கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கத்து ஹோட்டல்களுக்குத் தானே ஓட்டிக்கொண்டு போய்க் கொடுக்கிறார். முன்பெல்லாம் கரையில் வந்து நிற்கிற வியாபாரி சொன்ன விலைதான் விலை. அந்த ஆளின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது என்பதற்காகவே கார் ஓட்டப் பழகி லைசன்ஸ் எடுத்தவர். அந்தக் காரின் பின் டயர் இரண்டும் உள்பக்கம் மொட்டையாகிப் போயிருந்தன.

புது டயர்கள் போட்டு, சில்லுகளில் அளவு காட்டும் தட்டுகளைப் பூட்டி மெசினில் பார்த்தேன். பிழை என்றால் திரையில் சிவப்பு வரும். சரி என்றால் பச்சை. எல்லாம் பச்சை. இன்னொரு முறை பார்த்தேன், அதுவும் பச்சை. இந்த இடத்தில் மானமுள்ளவன் "அக்கா, காரணம் எனக்கு விளங்கவில்லை" என்று சொல்லியிருப்பான். அந்த வசனம் என் வாயில் இலேசில் வராது. அதிலும் கதிரைகளில் வேறு வாடிக்கையாளர்கள் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள்.

"மெசின் சரியெண்டுதான் காட்டுது. நீங்கள் ஓடுற விதமாத்தான் இருக்கும். வளைவுகளில வெட்டி எடுக்கிறீங்கள் போல" என்று அவிழ்த்துவிட்டேன். வளைவில் வெட்டி ஓட்டுவதால் பின் டயர் உள்பக்கம் மட்டும் இப்படித் தேயாது என்று எனக்கே தெரியும். அக்கா காரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அப்ப பிழை என்னிலதானே, அண்ணன்? சரி, இனிக் கவனமா ஓடுறன்."

கலியாணக் கார்

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. காய்ச்சல்காரப் பிள்ளையை டொக்டரிடம் கொண்டுபோவதென்றால் முகம் கழுவி, பவுடர் பூசி, நல்ல உடுப்புப் போட்டுத்தான் கொண்டுபோவார்கள். கராஜுக்கு வாகனம் கொண்டுவருவதும் அப்படியே. அக்காவின் கார் சில மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது பளபளவென்று இருந்தது. உள்ளே ஒரு பெட்டி இல்லை, ஒரு செதில் இல்லை. சீட் விரிப்பைத் தோய்த்துப் போட்டு, சந்தனக்குச்சியும் கொளுத்தியிருந்தார். எங்கள் கராஜில் டயர் மாற்றுகிற நசீர் கிண்ணியாக்காரன், நக்கலில் மன்னன். மூக்கை உள்ளே விட்டு ஒரு இழுவை இழுத்துவிட்டு, "இது மீன் காரோ, கலியாணக் காரோ?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். புதிதாகப் போட்ட டயர்கள் மறுபடியும் உள்பக்கம் மொட்டை. மெசினில் மறுபடியும் பச்சை.

இந்த முறை அக்காவோடு கணவரின் தம்பி ரஞ்சனும் வந்திருந்தார். ஹோட்டல் ஓட்டத்தைத் தன் கையில் எடுக்கவேண்டும் என்று அவருக்குக் கனநாள் ஆசை. அக்கா தனியாகக் கார் ஓட்டித் திரிவது வீட்டில் வேறு சிலருக்கும் பிடிக்கவில்லை. கார் கைவிட்டுப் போனால் அக்கா கட்டி எழுப்பிய வியாபாரமும் அதோடு போகும். அவர்களுக்கு ஒரு சாட்டுத்தான் தேவைப்பட்டது. "பாஸ், உண்மையைச் சொல்லுங்கோ. ஓட்டத்திலதானே பிழை?" என்று ரஞ்சன் என்னைக் கேட்டார். கைவேலை தெரிந்தவனைத்தான் எங்கள் ஊரில் பாஸ் என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்கே என் தலை ஓம் என்று ஆடிவிட்டது. அக்கா என்னைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்தார். ரஞ்சன், அக்காவின் கையில் இருந்த கார்ச் சாவியைப் பார்த்தபடி அவர் பக்கம் திரும்பினார்: "பாத்தீங்களா அண்ணி, பாஸே சொல்லிப்போட்டார். வாற மாசத்தில இருந்து கார்த் திறப்பு என்னட்ட இருக்கட்டும்."

ஊர் சுற்றிய வாக்கு

பிறகு ஒருநாள் இறக்கக்கண்டியில் இருந்து ஒரு வான்காரர் வந்தார். நல்ல கதைகாரர். நான் சில்லுக்குத் தட்டுப் பூட்டிக்கொண்டிருக்க, பக்கத்தில் நின்று ஊர்ப் புதினம் எல்லாம் சொன்னார். அவர் மனைவி வான் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தாராம், இப்போது இவர் அதை நிற்பாட்டிவிட்டாராம். ஏன் என்று கேட்டேன். கேட்காமல் விட்டிருக்கலாம். பதிலைக் கேட்டதும் நான் சில்லுக்கு அடியில் இன்னும் குனிந்துகொண்டேன். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னது இதுதான்: "பொம்பிளையள் ஓடினா பின் டயர் உள்பக்கம் தேயுமாம். திருகோணமலையில ஒரு மெசின்காரர் பாத்துச் சொன்னவராம், பாஸ்."

கந்தளாய் றோட்டில்

மாதம் முடிவதற்குள் அக்காவிடம் இருந்து போன் வந்தது. கந்தளாய் தாண்டிக் காட்டுப் பக்கம் போகும்போது, மாற்றாமல் விட்ட அந்த மொட்டைப் பின் டயர்களில் ஒன்று வெடித்திருக்கிறது. கார் றோட்டை விட்டு இறங்கி, ஒரு மரத்துக்குக் கிட்டப் போய் நின்றிருக்கிறது. அவருக்குக் காயம் இல்லை. டயர் மாற்ற ஜக் வைத்தால் கார் எழும்புதில்லை என்றார். நான் கராஜின் பிக்கப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். யானை வருகிற இடம் என்ற பயம் ஒரு பக்கம், ஆட்டிய தலையின் பாரம் இன்னொரு பக்கம்.

காரைப் பின்னால் இருந்துதான் கண்டேன். கூரை முட்ட வெள்ளை ரெஜிபோம் பெட்டிகள், ஐசும் மீனுமாக. கார் பின்பக்கம் அமுங்கிப் போய், வெடிக்காத மற்றச் சில்லு மேல்பக்கம் உள்ளுக்குச் சாய்ந்து, கால் அகட்டி நிற்கிற மாதிரி நின்றது. முழுப் பாரமும் டயரின் உள்விளிம்பில். இரண்டு பேருமாகப் பெட்டிகளை இறக்கி றோட்டோரம் அடுக்கினோம். பெட்டி இறங்க இறங்க அந்தச் சில்லு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. கடைசிப் பெட்டியும் இறங்கியபோது நல்ல பிள்ளை போல நேராக நின்றது. பின் ஸ்பிரிங்குகள் சோர்ந்துபோயிருந்தன. பாரம் ஏறினால்தான் அது தெரியும். நான் இத்தனை மாதமும் அளந்தது றோட்டில் ஓடுகிற காரை அல்ல, கழுவி நிறுத்திய காரை.

வெட்கம் வந்தால் எனக்கு முதலில் கோபமாகத்தான் வரும். "ஒருநாளாவது சாமானோட கொண்டுவந்து காட்டியிருக்கலாமே, அக்கா!" என்று கத்திவிட்டேன். எப்போதாவது நான் அவரிடம் என்ன ஏற்றுகிறீர்கள், எவ்வளவு ஏற்றுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறேனா? இல்லை. மீன் கார் என்று தெரிந்தும் கேட்கவில்லை. அக்கா கையில் இருந்த ஐஸ் தண்ணீரைச் சீலையில் துடைத்துக்கொண்டு சொன்னார்: "உங்கட கராஜில நல்ல ஆக்கள் வந்து இருப்பினம். மீன் நாத்தத்தோட வர எனக்கு வெக்கமா இருந்திச்சு, அண்ணன். அதுதான் ஒவ்வொரு முறையும் கழுவிக் கொண்டுவந்தனான்."

பெட்டியோடு

அடுத்த நாள் காரைப் பெட்டிகளோடு அப்படியே கொண்டுவரச் சொன்னேன். ரஞ்சன்தான் ஓட்டிக்கொண்டு வந்தார். டயர் வெடித்த செய்தி வீட்டுக்குப் போனதுமே திறப்பு கைமாறிவிட்டது. அக்கா பக்கத்துச் சீட்டில் இருந்தார். பெட்டிகளில் இருந்து மீன் தண்ணீர் மெசின் மேடை முழுக்கச் சொட்டியது. கதிரைகளில் இருந்தவர்கள் லேஞ்சியை எடுத்து மூக்கில் பிடித்தார்கள். தட்டுகளைப் பூட்டிப் பார்த்தேன். பின் சில்லு இரண்டும் சிவப்பு.

ரஞ்சனைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். பாரம் ஏறும்போது சில்லு சாய்கிறது, ஸ்பிரிங்குகளை மாற்றி, கொஞ்சம் குறைவாக ஏற்றி, பெட்டிகளோடேயே வைத்து அலைன்மென்ட் செய்யவேண்டும் என்றேன். மிச்சத்தை அவர் காதுக்கு மட்டும் சொல்லத்தான் ஆசையாக இருந்தது. ஆனால் அக்காவில் பிழை என்று சொன்னது எல்லோருக்கும் கேட்கத்தானே? அதனால் குரலை உயர்த்தினேன்: "அக்கான்ட ஓட்டத்தில ஒரு பிழையும் இல்லை. நான் பாத்ததுதான் பிழை." நிலம் பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

ரஞ்சன் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப போனமுறை தலையாட்டினது ஆர், பாஸ்?" என்றார். "நான்தான்" என்றேன். செல்வராணி அக்கா காரை விட்டு இறங்கி வந்து, எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று, ரஞ்சனிடம் கையை நீட்டினார்: "அவர் தலையாட்டினதும் போதும், நீ கதைச்சதும் போதும். திறப்பைத் தா."

மெசின் ஒருநாளும் பொய் சொல்லாது என்று வருகிறவர்களிடம் இப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அதன் பக்கத்தில் நிற்கிற ஆளைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை, நானும் வலியப் போய்ச் சொல்வதில்லை.