இரண்டு டிவி, ஒரே கார்

சகலைகள் என்றாலே ஒருவர் காலை ஒருவர் வாருகிறவர்கள் என்று சிரிப்பார்கள். எங்களுக்குள் அப்படி இல்லை. என் மனைவியின் அக்காவைக் கட்டியவர் அவர். அச்சகத்தில் பதினெட்டு வருடம் வண்ணம் சரிபார்த்தவர்; ஒரு துளி மஞ்சள் கூடினாலும் கண்டுபிடித்துவிடுவார். அச்சகத்தை இழுத்து மூடியதும், நான் ஃபிரிட்ஜ் விற்கும் கடையிலேயே அவரையும் நுழைத்துவிட்டேன். ஐம்பத்திரண்டு வயது ஆளை வேறு யார் எடுப்பார்கள்?

கடை மாடியில் வீடியோ கேம் விற்கும் இடம் அவருக்கு. அங்கே இரண்டு டிவி. இரண்டிலும் ஒரே கார் பந்தய விளையாட்டு. ஒன்று பழைய கன்சோலில், அதாவது விளையாட்டை ஓட்டும் பெட்டியில்; மற்றது புதியதில். கீழே 'பழசு', 'புதுசு' என்று அட்டை. பந்தயம் ஓட்டாமல் காரை நிறுத்திவைத்து அழகு பார்க்க அதில் ஒரு பகுதி உண்டு. கார் மேடையில் மெல்லச் சுழலும், கதவு தானாகத் திறக்கும். சகலை அதைப் போட்டுவிட்டு ஆரம்பிப்பார்.

"புதுசுல பாருங்க, விளக்குக் கண்ணாடிக்குள்ள பல்பு தனியா தெரியுதா? சீட்டுத் தையல எண்ணிடலாம். பழசு பூசி மெழுகின மாதிரி இல்ல?"

வந்தவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, ஆமாம் சாமி போடுவார்கள். புதுசு நன்றாகவே விற்றது.

ஒரு செவ்வாய்க்கிழமை படம் விட்டுவிட்டு வந்தது. வயரைப் பிடித்துக்கொண்டே மேசைக்கு அடியில் நுழைந்த சகலை, வெளியே வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. 'புதுசு' டிவியின் வயர் பழைய கன்சோலில் இருந்தது. ஆறு மாதத்துக்கு முன் தூசு தட்ட நகர்த்தியபோது யாரோ மாற்றிச் செருகியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அவர் பழசைப் புகழ்ந்து, புதுசைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"யாருக்கும் தெரியாது சகலை. மாத்திச் சொருகிட்டு வாய மூடிட்டு இருங்க" என்றேன்.

கேட்கிற ஆளா? நேரே முதலாளியிடம் போய் உளறிவிட்டார். பிழைக்கத் தெரியாத மனுஷன். எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

முதலாளி திட்டவில்லை, சிரித்தார்.

"வாங்கினவங்க ஒருத்தர்கூடக் கேக்கலையா? அப்போ வித்தியாசம் சொல்ல ஆள் எதுக்குண்ணே? அது பாட்டுக்கு ஓடட்டும். நீங்க மாசக் கடைசியோட நின்னுக்கங்க."

கடைசி நாள் இருவரும் பஸ்ஸுக்கு நின்றோம்.

"அட்டையப் படிச்சுட்டே பேசியிருக்கேன், சகலை. படத்தப் பாக்கவே இல்ல" என்றார். "உங்களுக்காவது வித்தியாசம் தெரிஞ்சுதா?"

எனக்கு ஒரு மண்ணும் தெரிந்ததில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல மனம் வரவில்லை.

"எனக்கு அப்பவே லேசா ஒரு சந்தேகம் இருந்துச்சு. வித்தியாசம் இல்லாம இருக்குமா என்ன?"

ஆறுதலுக்குத்தான் சொன்னேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே. வேலை தப்பிச்சிருக்கும்."

நான் சொன்னது பொய் என்று அவரிடம் சொல்ல இன்றுவரை வாய் வரவில்லை. சொன்னால், வித்தியாசம் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை என்றாகிவிடும்.