வால்வு டியூப் புழு

எழுபதுகளின் கடைசியில், செல்லூர் கண்மாய்க்கரையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவரைப் பார்ப்பேன். தறி ஓட்டுபவர், சட்டையில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். விரால் பிடிக்க அவர் மண்புழு தேடியதே இல்லை. சைக்கிள் வால்வு டியூபை விரல் நீளத்துக்கு நறுக்கித் தூண்டில் முள்ளில் கோப்பார். அதுதான் புழு. நான் நம்பவில்லை, விரால் நம்பியது.

கோக்கும் முன் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பாசி மண்டிய இடமென்றால் முள்முனையை ரப்பருக்குள் புதைத்துவிடுவார். பாசியில் சிக்காது, மீன் கவ்வியதும் தூண்டிலைப் பலமாகச் சுண்டினால் முனை வெளியே வந்து குத்தும். வெறும் தண்ணீரென்றால் முனையை வெளியே விடுவார். ஒரு விரால் மாட்டியதும் சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஒரு வாரம், தெளிந்த தண்ணீரிலேயே முனையைப் புதைத்துப் போட்டார். விரால் கவ்வியது. அவர் சுண்டவில்லை. அது விட்டுவிட்டுப் போனது. மறுபடியும் அப்படியே நடந்தது.

“என்னண்ணே, இங்க பாசியே இல்லயே. முள்ள எதுக்கு மறைச்சீங்க?” என்றேன்.

“மாட்டிருச்சுன்னா வீட்டுக்குப் போகணும்ல சார்,” என்றார், தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கிளம்புவதற்காக எழுந்திருந்த நான் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.