தாடி வைத்த ராணி

எகிப்தை ஆண்ட ஒரு ராணியாக நான் நடித்திருக்கிறேன். நூற்றுப்பத்துக் கிலோ, முன்வழுக்கை, இடது முழங்காலில் வாதம். செத்து மூவாயிரத்துச் சொச்சம் வருடங்களுக்குப் பிறகும் அந்த மனுசிக்கு நிம்மதியில்லை.

நாடகத்தை எழுதியவள் என் மனைவி. மோர்னிங்சைட்டில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் அவளுக்கு வேலை. பஸ்ஸில் போகவர வாசித்த நூலகப் புத்தகம் ஒன்றில்தான் அந்த ராணி அகப்பட்டாள். கணவன் இறந்ததும் சக்களத்தியின் பாலகனுக்காக ஆட்சியை ஏற்றவள். பிறகு பொய்த்தாடி கட்டிக்கொண்டு, நானே அரசன் என்று அமர்ந்தவள். புலம்பெயர்ந்து வந்த எங்கள் ஊர்க்காரரின் சங்கக் கலைவிழாவுக்காக அந்தக் கதையை நாற்பது நிமிட நாடகமாக்கினாள். ராணியாகத் தானே நடிப்பதென்று முடிவுசெய்து, தன் பழைய சவுரிமுடியை வெட்டித் தாடியும் தைத்துவிட்டாள். முப்பது வருடமாகச் சங்கத்துக்கு வடை சுட்டவள், தனக்கென்று கேட்டது அந்த ஒன்றைத்தான்.

ஒத்திகைக்கு முந்திய கூட்டத்தில் சங்கத் தலைவர் தாடியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தங்கச்சி, தாடி வைக்கிற பாத்திரமெண்டா ஆம்பிளை நடிக்கிறதுதானே முறை? ஊரில கூத்தில ராணியையே ஆம்பிளையள்தானே ஆடினவை.”

“கதையே அதுதான் அண்ணை. அவ பொம்பிளை எண்டபடியால்தான் தாடி கட்ட வேண்டி வந்தது.”

“ஓம், ஓம், விளங்குது. ஆனா சனம் சிரிக்க வேணுமெல்லோ? உம்மட மனுசன் மேடையில ஏறினாலே சிரிக்குங்கள்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். ‘அது அவளுடைய பாத்திரம்’ என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் என் வாயில் எப்போதும் பகிடிதான் முந்திக்கொண்டு நிற்கும்.

“முப்பது வருசம் வீட்டில அடிமையா இருந்தவனுக்கு ஒரு நாள் ராணிப் பதவி தந்தா வேண்டாமெண்டுவனோ?”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அத்தோடு அவளுடைய ஆட்சி முடிந்தது.

அவள் சண்டை பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து என் நாடிக்கு அளவெடுத்தாள். தாடியைப் பிரித்து, அகலமாக்கித் திரும்பத் தைத்தாள்.

விழா ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. மந்திரிகள் ராணிக்குத் தலைவணங்க மறுக்கும் கட்டத்தில் எனக்கு வசனம் மறந்துபோனது. திரைக்குப் பின்னால் நின்று அவள் மெதுவாக எடுத்துக் கொடுத்தாள்: “இந்தத் தாடி உங்களுக்காக. எனக்கு இது தேவையே இல்லை.”

நான் தாடியைச் சொறிந்தேன். “இந்தத் தாடி கடிக்குது ஐயா!” என்றேன். மண்டபம் அதிர்ந்தது.

திரும்பி வரும்போது காரில் சொன்னாள்: “அந்த இடத்தில சனம் அழ வேணுமப்பா.”

“அழுதவைதானே, சிரிச்சுச் சிரிச்சு.”

அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. நேரமில்லையாக்கும் என்று நினைத்தேன். மூன்று வருடத்தில் புற்றுநோய் வந்தது. அவள் போய்ப் பத்து மாதமாகிறது.

போன கிழமை மகன் அந்த விழா வீடியோவை என் போனில் ஏற்றித் தந்தான். கமரா திரைக்கு அருகில் இருந்திருக்க வேண்டும். என் குரலுக்கு முன்னால் அவளுடைய குரல் தெளிவாகக் கேட்கிறது. எடுத்துக் கொடுக்கும் குரல் அல்ல அது. அவள் அங்கே இருட்டில் நின்று நடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அந்த ஒரு வசனத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறேன். நான் வாய் திறப்பதற்கு முன் நிறுத்திவிடுகிறேன்.